டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கிளெரிக்கும் தெய்வச் சார்பும்

கிளெரிக் என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்பு விளையாட்டில் வழிபாட்டின் வழியே மந்திர ஆற்றல் பெறும் பாத்திர வகுப்பு. காயம் ஆற்றுதல், இறந்தும் நடமாடும் பிணங்களை விரட்டுதல் ஆகியவை இதன் முதன்மைப் பணிகள். இந்த ஆற்றல் ஒரு தெய்வத்தைச் சார்ந்தே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இவ்விளையாட்டின் பதிப்புகளும் உலகங்களும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

தோற்றம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974-இல் வெளியானது. ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் ஏற்றிருந்த இரத்தக் காட்டேரிப் பாத்திரம் மிகுந்த வலிமை பெற்றுவிட்டது. அதை எதிர்கொள்ளவே கிளெரிக் வகுப்பு உருவானது. ஆகவே இவ்வகுப்பு ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தது. தெய்வங்களைப் பற்றிய விரிவான பட்டியல்கள் பின்னரே நூல்களாக வந்தன. 1980-இல் வெளியான 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூல் கிரேக்க, நார்டிக் தெய்வங்களுடன் இந்தியத் தெய்வங்களுக்கும் போர்வலிமையை எண்களால் குறித்தது.

சார்பு விதிகள்

1979-ஆம் ஆண்டின் ஆட்ட நடத்துநர் கையேடு இச்சார்பைப் படிப்படியாக வகுத்தது. முதல் இரு நிலை மந்திரங்கள் கிளெரிக்கின் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் கிடைப்பவை. மூன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளைத் தெய்வத்தின் ஏவலர் அருள்வர். ஆறும் ஏழும் தெய்வமே நேரில் தருபவை. நெறி தவறியவருக்கு மந்திரம் மறுக்கப்படலாம். அவர் பரிகாரம் தேட வேண்டும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தெய்வம் எதையும் ஏற்காமல் ஒரு கொள்கையைப் பற்றி நிற்கும் கிளெரிக்கையும் அனுமதித்தது. 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் பாலடின் என்னும் அறப்போர் வீரரின் ஆற்றல் பெரிதும் அவர் ஏற்ற உறுதிமொழியைச் சார்ந்ததாயிற்று.

மாற்று உலகங்கள்

டார்க் சன் (1991) உலகில் தெய்வங்களே இல்லை. அங்குக் கிளெரிக்குகள் நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றிலிருந்து ஆற்றல் பெறுகின்றனர். டெம்ப்ளர் எனப்படுவோர் கொடுங்கோல் மன்னர்களிடமிருந்து பெறுகின்றனர். டிராகன்லான்ஸ் (1984) உலகில் பேரழிவுக்குப் பின் தெய்வங்கள் விலகியதால் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மெய்யான குணமாக்கும் ஆற்றல் இல்லை. எபெரான் (2004) உலகில் தெய்வங்கள் உண்டா என்பதே உறுதியில்லை. ஒழுக்கம் கெட்ட குருவும் தம் மந்திரத்தை இழப்பதில்லை.

விமர்சனம்

சார்பு விதியின் முதல் குறை அதன் ஓரவஞ்சனை. ஊரையே எரித்த மந்திரவாதியும் கற்ற மந்திரத்தை இழப்பதில்லை. நெறி பிறழ்ந்த கிளெரிக் மட்டும் வெறுங்கையராகிறார். இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. தெய்வத்தின் குரலாகப் பேசுபவர் ஆட்ட நடத்துநர். தெய்வம் சினந்தது என்று அவர் சொன்னால் ஆட்டக்காரரின் பாத்திரம் முடங்கிவிடும். அறம் பற்றிய கருத்து வேறுபாடு அங்கே தண்டனையாக மாறுகிறது.

ஆயினும் சார்பை முற்றிலும் நீக்குவதும் தீர்வாகாது. எவருக்கும் எதற்கும் கடமைப்படாத கிளெரிக், வேறு உடை உடுத்த மந்திரவாதியே. டிராகன்லான்ஸ் கதையில் கோல்டுமூன் குணமாக்கும் ஆற்றலைப் பெறும் நிகழ்ச்சி மனத்தில் நிற்பதற்குக் காரணம், அதற்கு முன் அந்த ஆற்றல் உலகில் இல்லாமற்போயிருந்ததே. டெம்ப்ளரும் இதையே மறுபுறமிருந்து காட்டுகிறார். ஆற்றல் தருபவன் கொடியவன் என்று தெரிந்தே பெறுபவரின் நிலை, ஆட்டக்காரர் முன் உண்மையான கேள்வியை வைக்கிறது.

நம்பிக்கை என்னும் பொருளை மிக நன்றாகக் கையாண்டது எபெரான் எனலாம். காலையில் வேண்டினால் மாலைக்குள் பலன் உறுதி என்ற உலகில் நம்பிக்கைக்கு வேலையில்லை. அது கொடுக்கல் வாங்கல். தெய்வம் கேட்கிறதா என்று தெரியாமலும் ஒருவர் நெறியில் நிற்கும்போதுதான் அது நம்பிக்கையாகிறது.

மதிப்பீடு

தெய்வம் கட்டாயமா என்பதைவிட, கிளெரிக் யாருக்கு அல்லது எதற்குக் கடன்பட்டவர் என்பதே பொருத்தமான கேள்வி. அது தெய்வமாக, கொள்கையாக, ஏற்ற உறுதிமொழியாக இருக்கலாம். எதுவாயினும் அதை மீறுவது எது, மீறினால் என்ன நேரும் என்பவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டக்காரரும் நடத்துநரும் பேசி முடிவு செய்வது நல்லது. அவ்வாறு செய்தால், இழப்பு நேரும்போது அது நடத்துநர் விதித்த தண்டனையாக இராது. ஆட்டக்காரர் அறிந்தே எடுத்த முடிவின் விளைவாக இருக்கும்.