முழுதும் அணையாத சுவிட்சு

பாக்டீரியாவின் ஜீன்கள் எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன என்பதற்குப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் தருகின்றன. குடலில் வாழும் ஈ. கோலையின் டி.என்.ஏ. மீது 'அடக்கி' என்னும் புரதம் அமர்ந்திருக்கிறது, ஜீன்கள் உறங்குகின்றன. பாற்சர்க்கரையாகிய லாக்டோஸ் வந்ததும் அடக்கி விலகுகிறது, ஜீன்கள் விழிக்கின்றன. படத்தின் கீழே, 'மின்விளக்கின் சுவிட்சு போல' என்று ஒரு வரி. 1961இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஜேக்கப், மோனோ இருவரும் வெளியிட்ட கொள்கையின் சுருக்கம் இது. படம் எளியது, மனத்தில் நிற்பது. ஆனால், அதை அப்படியே நம்பினால் விளக்கு ஒருநாளும் எரியாது!

எப்படி என்று பாருங்கள். லாக்டோஸ் செல்லுக்குள் நுழைய 'பெர்மியேஸ்' என்ற புரதம் வேண்டும். நுழைந்த லாக்டோஸும் நேராக அடக்கியை விலக்குவதில்லை. பீட்டா காலக்டோசிடேஸ் என்ற என்சைம் அதைச் சற்றே மாற்றி 'அல்லோலாக்டோஸ்' ஆக்கவேண்டும். அதுதான் அடக்கியுடன் சேர்ந்து அதன் பிடியைத் தளர்த்துகிறது. பெர்மியேஸையும் என்சைமையும் உண்டாக்கும் ஜீன்கள் எவை? அடக்கி மூடி வைத்திருக்கும் அதே ஜீன்கள்தாம்! பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி.

அடக்கி முழுமையாக அடக்குவதில்லை என்பதே இப்புதிரின் விடை. ஒரு செல்லில் அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 10 மட்டுமே. வெப்ப இயக்கத்தின் ஓயாத மோதலில் அடக்கி அவ்வப்போது டி.என்.ஏ.யை விட்டு நழுவும். மீண்டும் வந்து ஒட்டும். அந்தச் சிறு இடைவெளியில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் புகுந்து ஓரிரு நகல்கள் எடுத்துவிடும். பிரௌனியன் இயக்கத்தைப் படித்த மாணவருக்கு இதில் வியப்பில்லை. உயிரியல் நூல்கள்தாம் ஏனோ சொல்லத் தயங்குகின்றன. இக்கசிவினால்தான் லாக்டோஸ் இல்லாதபோதும் செல்லில் சிறிதளவு பெர்மியேஸ் இருக்கிறது.

இது புதுச் செய்தியுமன்று. நோவிக், வீனர் இருவரும் 1957இலேயே, லாக்டோஸை ஒத்த ஒரு பொருளை மிகக் குறைவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாச் செல்களும் பாதிபாதியாக விழிக்கவில்லை. சில முழுதும் விழித்தன, மற்றவை உறங்கின. எது விழிப்பது என்பது தற்செயல். 2008இல் ஹார்வர்டில் சன்னி ஷி குழுவினர் ஒற்றை மூலக்கூறுகளையே கண்டு இதை உறுதிசெய்தனர்: அடக்கி முற்றிலும் கழன்ற அந்தக் கணமே செல்லின் போக்கை மாற்றுகிறது.

1961 கொள்கையில் வேறு பிழையும் உண்டு. அடக்கி ஆர்.என்.ஏ.யாக இருக்கலாம் என்று கருதினார்கள். அது புரதமே என்று கில்பர்ட், முல்லர்-ஹில் இருவரும் 1966இல் காட்டினர். அதைப் பாடநூல்கள் திருத்திக்கொண்டுவிட்டன.

சுவிட்சுப் படத்தை நீக்கச் சொல்லவில்லை. 'அணைந்த' நிலைக்கு அருகே, 'உற்பத்தி ஏறத்தாழ 1,000இல் ஒரு பங்கு' என்று அச்சிட்டால் போதும். கூர்மையான மாணவர் ஒருவர், 'ஏன் பூச்சியம் இல்லை?' என்று வகுப்பில் கேட்பார்.