ஐஸில் வைத்த இரையும் உயிர் இரையும்: பேத்தமங்கலம் கரையில் ஒரு வழக்கு

கோலார் தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கு நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. இரை அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டுமா, ஐஸில் வைத்ததும் ஆகுமா? "ஐஸ்ல வெச்ச எரையை மீனு மோந்துகூடப் பாக்காது தம்பி" என்பது சுரங்க வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களின் கட்சி. விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை முடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புழு தோண்ட நேரம் ஏது? கோழிக்கடையில் கேட்டு வாங்கிய குடலும் ஈரலும், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய இறாலும் அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் கிடக்கின்றன. ஞாயிறு காலையில் அந்தப் பொட்டலத்தோடு கிளம்புகிறார்கள். அவர்களுக்கும் மீன் கிடைக்கத்தான் செய்கிறது. இரு தரப்பும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள் என்பதால், யாரையும் பொய்யர் என்று தள்ளாமல் வழக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் உள்ளது. சுரங்கக் கம்பெனி காலத்திலிருந்து தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகும் இந்த ஊர்க்காரர்கள் ஓய்வுக்குத் தேடிப் போகும் தண்ணீர் அதுவே. நல்ல மழை பெய்த வருடங்களில் கடல் போல விரியும். பொய்த்த வருடங்களில் சேறும் குட்டையுமாகச் சுருங்கும். கட்லா, ரோகு, கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, விரால், குரவை என்று இந்தப் பக்கத்து ஏரிகளில் கிடைக்கும் மீன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தீனி தேடுபவை. ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதால், குத்தகைக்காரரைக் கேட்டுக்கொண்டு கரையில் உட்காருவதே முறை.

கரையில் உட்காருவது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பரிசலில் போகிறவர் இரையை மீன் இருக்கும் இடத்தில் மெதுவாக இறக்கிவிடலாம். கரைக்காரர் ஈயம் கட்டிய நரம்பைச் சுழற்றி வீச வேண்டும். அந்த வீச்சின் உதறலில் முள்ளை விட்டு நழுவாத இரைதான் அவருக்கு இரை. ஏரியை எட்டும் முன்பே காற்றில் பறந்துபோகும் ஈரல் எவ்வளவு புதிதாக இருந்தால் என்ன? ஆகவே கரைத் தூண்டிலுக்கு இரையை எடைபோடும்போது வாசனைக்குச் சமமான இடத்தைப் பிடிமானத்துக்கும் கொடுக்க வேண்டும்.

பெரியவர்கள் கட்சிக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது, புழு கொண்டுவந்தவர் பை நிறைந்தது, பொட்டலம் கொண்டுவந்தவர் வெறுங்கையோடு போனார் என்பது. இந்தச் சாட்சியத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. புழு தோண்டுகிறவர் யார்? முன்னிரவே மாட்டுத்தொழுவத்து எருக்குழியோரம் மண்ணைக் கிளறி வைத்து, இருள் பிரியும் முன் கரைக்கு வந்து, எந்தக் கல்லடியில் கெளுத்தி ஒதுங்கும் என்று பல வருடங்களாக அறிந்தவர். பொட்டலக்காரர் பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகு வருகிறவர், இடம் தெரியாதவர். இருவரின் மீன் கணக்கில் இரையின் பங்கு எவ்வளவு, நேரத்தின் பங்கு எவ்வளவு, கைப்பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சாட்சியத்திலிருந்து பிரிக்க முடியாது. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண்டில், ஒன்றில் புதிது, ஒன்றில் ஐஸ் வைத்தது, அரைமணிக்கு ஒருமுறை இடம் மாற்றி: இப்படிச் செய்து பார்த்தவர் பேச்சுக்கே நான் எடை கொடுப்பேன். வேறு வேறு ஞாயிறுகளை ஒப்பிட்டுச் சொல்வதை ஆதாரமாக ஏற்க முடியாது. ஏரி மட்டம், மேகம், காற்று எல்லாம் அதற்குள் மாறிவிடும்.

உறைய வைப்பதால் இரைக்குள் என்ன நடக்கிறது என்பது ஊகத்துக்கு உரியதல்ல. தசையில் இருக்கும் நீர் பனிப் படிகமாகிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகக் குளிரச் செய்வதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல் சவ்வுகளைக் கிழிக்கின்றன. தொழிற்சாலைகளில் சட்டென்று உறைய வைக்கும்போது படிகம் சிறியது, சேதமும் குறைவு. ஐஸ் விட்டதும் கிழிந்த செல்களிலிருந்து சாறு வழிகிறது. பொட்டலத்தின் அடியில் தேங்கி நிற்கும் இளஞ்சிவப்பு நீர் அதுதான். அதில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களைத்தான் மீன் மணமாகவும் சுவையாகவும் உணர்கிறது. இதிலிருந்து இரண்டு விளைவுகள், ஒன்றுக்கொன்று எதிரானவை. தண்ணீரில் விழுந்த முதல் சில நிமிடங்களில் ஐஸ் வைத்த இரை புதிய இரையைவிட வேகமாக மணம் பரப்பும். அதன்பின் சாறு தீர்ந்து வெறும் சக்கையாகிவிடும். புதிய இரை மெதுவாக, நெடுநேரம் கசியும். ஐஸ் வைத்ததை மீன் மோந்துகூடப் பார்க்காது என்ற பேச்சு இங்கே அடிபடுகிறது. ஒரே துண்டை முள்ளில் குத்திவிட்டு மதியம் வரை காத்திருப்பவரின் பழக்கமும் இங்கேயே அடிபடுகிறது.

இனி இரை இரையாகப் பார்ப்போம், ஏனென்றால் 'ஐஸ் வைத்த இரை' என்று ஒரு பொருள் கிடையாது. மண்புழுவின் உடம்பில் பெரும்பகுதி நீர். அதை உறைய வைத்து எடுத்தால் கையில் மிஞ்சுவது கூழ். முள்ளில் நிற்காது, நெளியாது, வீசினால் பிய்ந்துவிடும். இந்த ஒரு இரையில் பெரியவர்கள் முழுக்கச் சரி. கோழி ஈரல் புதிதாகவே வழவழப்பு. உறைந்தெழுந்தால் இன்னும் மோசம். நூல் சுற்றிக் கட்டினால்தான் கரையிலிருந்து வீச முடியும், கட்டியவர்களுக்கு அது பலன் தருகிறது. கோழிக்குடல் நார்த்தன்மை உள்ளதால் உறைந்தாலும் முள்ளை விடுவதில்லை. இறால் இவற்றில் தலைசிறந்தது. ஓட்டை உரித்து, உப்புத் தடவி ஒரு மணி நேரம் வைத்தால் உப்பு நீரை இழுத்துச் சதையை இறுக்குகிறது. அதன்பின் ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக உறைய வைத்தால், வெளியே எடுக்கும்போதும் கட்டியாக இருக்கும். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் உள்ள தங்கவயலுக்கு இறால் வருவதே ஐஸ் பெட்டியில்தான். 'அன்றைய இறால்' என்று இங்கே யாரும் பெருமை பேச வழியில்லை.

இறாலும் குடலும் யாருக்கு? கெளுத்திக்கு. கெளுத்தியின் மீசையிலும் தோல் முழுவதிலும் சுவை மொட்டுகள் உண்டு. செம்மண் கரைந்த கலங்கலில், இருட்டில், கண்ணை நம்பாமல் தண்ணீரைச் சுவைத்தபடியே அது தீனியை அணுகுகிறது. அப்படிப்பட்ட மீனுக்கு இரை உயிரோடு நெளிகிறதா என்பது இரண்டாம்பட்சம்.

இதே வழக்கு வடகடல் கரையிலும் நடக்கிறது. இந்தச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் நாடான இங்கிலாந்தில், குளிர்கால இரவுகளில் கரையில் நின்று காட் மீன் பிடிப்பவர்கள் உண்டு. காட் மீனுக்கும் தாடையில் ஒரு மீசை உண்டு. கலங்கலிலும் இருட்டிலும் மோப்பத்தால் மேயும் மீன் அது. அங்கேயுள்ளவர்கள் மணலில் தோண்டும் கறுப்புப் புழுவின் குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, செய்தித்தாளில் சுருட்டி உறைய வைத்து, காட் மீனுக்கு நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள். அதே கரையில் கிடைக்கும் மென்மையான வேறு புழு வகைகளை உறைய வைப்பது வீண் என்று விட்டுவிடுகிறார்கள். தோல் தடித்ததா, உள்ளே நீர் எவ்வளவு, மீன் எதை நம்பி வருகிறது என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். நம் கரையில் இந்தப் பகுப்பு நடக்காமல் போனதால்தான் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

விரால் வேறு சாதி. கரையோரப் பாசிக்கும் கோரைக்கும் நடுவே அசையாமல் நின்று, மேலே ஒரு சலனம் கண்டால் பாயும் வேட்டைக்காரன் அது. சின்னத் தவளையையோ கெண்டைக் குஞ்சையோ உயிரோடு கோத்துப் போடும் பழக்கத்தைக் காட்டி, "பாத்தியா, உயிர் எரைதான் எரை" என்பார்கள். இந்த வாதம் தானே தன்னை முறித்துக்கொள்கிறது. இன்று கடையில் விற்கும் ரப்பர் தவளையை நீர்மேல் தத்தித் தத்தி இழுத்தால் விரால் அதையும் அடிக்கிறது. ரப்பரில் உயிரும் இல்லை, மணமும் இல்லை. விராலுக்கு வேண்டியது அசைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. இதை இரையின் புதுமைக்குக் கிடைத்த வெற்றியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தவளையை முள்ளில் குத்துவதை நான் மனதார வெறுக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வயலுக்கும் ஏரிக்கும் வேண்டிய உயிர் அது. ரப்பர் தவளை வேலை செய்யும்போது அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் மிஞ்சவில்லை.

ஐஸ் இரைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது எது என்று தேடினால், குற்றவாளி ஃப்ரீசர் அல்ல. காலை முழுவதும் வெயிலில் கிடந்து மிஞ்சிய குடலை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி உறைய வைத்து, அடுத்த ஞாயிறு எடுத்து வருகிறார்கள். வெயிலில் அழுகத் தொடங்கியது உறைந்தால் அழுகல் நிற்கும், நீங்காது. ஏற்கெனவே கிழிந்த செல்கள் இரண்டாம் முறை இன்னும் கிழியும். நெடுநேரம் கரண்ட் போனாலும் இதே கதை: பொட்டலம் இளகி மறுபடி இறுகும், வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் பார்த்துப் பழித்த ஐஸ் இரை இந்த இரண்டாம் பிறவிச் சரக்குதான். அதைக் கெளுத்தி தொடாமல் போனதில் வியப்பில்லை.

என் தீர்ப்பு இது. பேத்தமங்கலம் போன்ற கலங்கல் நீர்க் கரையில் கெளுத்தி பிடிக்க, உப்புத் தடவி ஒரே ஒருமுறை உறைய வைத்த இறாலோ குடலோ புதியதற்குச் சமம். கால்மணிக்கு ஒருமுறை மாற்றிக் கோக்க வேண்டும், அவ்வளவே. விராலுக்கு இந்த வழக்கே பொருந்தாது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் கடலைப்புண்ணாக்கும் ராகி மாவும் பிசைந்த உருண்டை போதும். அதை ஃப்ரீசரில் வைத்தாலும் கெடாது, வைக்காவிட்டாலும் குறையில்லை. ஜிலேபிக்கும் கெண்டைக்கும் மண்புழுவை வெல்ல எதுவும் இல்லை. சின்ன வாயால் கொத்திக் கொத்தி இழுக்கும் அந்த மீன்கள் மென்மையான எந்த இரையையும் நொடியில் உரித்துவிடும். புழுவின் தோல் மட்டுமே தாங்கும்.

ரயிலேறிப் போகிற பிள்ளைகளுக்கு நேரமில்லை என்ற நியாயம் மண்புழு விஷயத்தில் மட்டும் செல்லாது. சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேடுகளில் புழு கிடைக்காது என்பது உண்மை. ஆனால் எருக்குழியோரம் ஒருமுறை தோண்டினால் போதும். ஒரு மண்பானையில் ஈரமண்ணும் காய்ந்த சாணமும் போட்டுப் புழுக்களை விட்டு, ஈரச்சாக்கை மேலே மூடி நிழலில் வைத்தால் அவை வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் தெளிப்பதை வீட்டில் இருக்கும் பெரியவர் பார்த்துக்கொள்வார்.