லினக்ஸ் ஒளித்துவைத்த புராசஸ்

லினக்ஸ் கெர்னலுக்குப் புராசஸ், திரெட் என்று இரண்டு கிடையாது, எல்லாம் ‘டாஸ்க்’தான், அதுதான் அதன் அழகு: இயங்குதளம் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இதை வேதவாக்குபோல ஓதுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் சொன்னால் கேட்பவர் முகம் மலர்கிறது. விண்டோஸில் ஈபுராசஸ், ஈதிரெட் என்று இரண்டு தனி அமைப்புகள். ஃப்ரீபிஎஸ்டியில் புராக், திரெட் என்று இரண்டு. ஆப்பிளின் எக்ஸ்என்யூவில் மாக்கிலிருந்து வந்த டாஸ்க்கும் திரெட்டும் போதாதென்று பிஎஸ்டியின் புராக்கும் சேர்ந்து மூன்று. லினக்ஸ் மட்டும் ‘டாஸ்க் ஸ்ட்ரக்ட்’ என்ற ஒரே வரையறையில் காரியத்தை முடித்துவிட்டதாம். முடிக்கவில்லை என்பது என் நெடுநாள் கட்சி.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 1996 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: புராசஸ் வேறு, திரெட் வேறு என்பது வரலாறு ஏற்றிவிட்ட சுமை, இருப்பது நிறைவேற்றச் சூழல் ஒன்றுதான், இரண்டு சூழல்கள் எதைப் பகிர்கின்றன, எதைப் பகிரவில்லை என்பது மட்டுமே பொருட்டு. இந்தச் சிந்தனைக்குப் பிளான் 9-இன் ஆர்ஃபோர்க் முன்னோடி. லினக்ஸில் குளோன் என்ற சிஸ்டம் கால் இதைச் செய்கிறது. நினைவகம், திறந்த கோப்புகள், நடப்புக் கோப்புறை, சிக்னல் கையாளிகள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி உண்டு. பகிர வேண்டுமானால் கொடியை வைக்கலாம், வேண்டாமானால் விடலாம்.

இதனால் ஷெட்யூலருக்குப் பெரிய நிம்மதி. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு ரன் கியூ, அதில் நிற்பவை டாஸ்க்குகள். வந்து நிற்பது திரெட்டா புராசஸா என்ற கவலை அதற்கு இல்லை. சோலாரிஸும் ஃப்ரீபிஎஸ்டியும் பல பயனர் திரெட்டுகளைச் சில கெர்னல் திரெட்டுகள்மேல் ஏற்றும் ஏற்பாட்டில் ஆண்டுக்கணக்காக உழன்றுவிட்டு, கடைசியில் லினக்ஸ் நின்ற இடத்துக்கே, ஒன்றுக்கு ஒன்று என்ற முறைக்கே, வந்து சேர்ந்தன. 2002-இல் உல்ரிக் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் என்பிடிஎல் திரெட் நூலகத்தைக் கொண்டுவந்தபோது ஒரு லட்சம் திரெட்டுகளை இரண்டு விநாடிகளில் தொடங்கிக் காட்டினார்கள். அதே குளோன் கொடிகளின் வரிசையில் நேம்ஸ்பேஸ் கொடிகள் வந்து சேர்ந்துதான் இன்றைய கன்டெய்னர்கள் பிறந்தன. சிபியுவை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விவரை இந்த வரையறையோடு எனக்கு வழக்கே இல்லை.

வழக்கு அதற்கடுத்த கேள்வியில் தொடங்குகிறது. எதை எதைப் பகிர்கிறோம் என்பதைக் கொடிகள் சொல்லிவிடும். இந்தத் திரெட்டுகளுக்கெல்லாம் பொறுப்பாளி யார் என்பதை அவை சொல்லா. ஒரு நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது, அதற்கு என்ன முன்னுரிமை, அது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? இவை பகிர்வுக் கேள்விகள் அல்ல. இவற்றுக்கு விடை சொல்ல ஒரு புராசஸ் வேண்டும்.

செட்யூஐடியை எடுத்துக்கொள்வோம். வெப் சர்வர் ஒன்று போர்ட் 80-ஐப் பிடிப்பதற்காக ரூட்டாகத் தொடங்குகிறது. பிடித்ததும் செட்யூஐடியை அழைத்துச் சாதாரணப் பயனராக இறங்கிவிட வேண்டும். அழைப்பு புராசஸ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறது போசிக்ஸ் தரநிலை. லினக்ஸ் கெர்னலோ அழைத்த திரெட்டை மட்டும் மாற்றுகிறது. மற்றவை ரூட்டாகவே தொடர்கின்றன. எல்லாம் ஒரே நினைவகத்தில் இருப்பதால், இறங்கிவிட்ட திரெட்டைக் கைப்பற்றும் ஒருவன் இறங்காத திரெட்டின் ஸ்டாக்கில் தனக்கு வேண்டியதை எழுதிவிட்டு ரூட்டாகிவிடலாம். அதாவது, ஒரே நினைவகத்துக்குள் திரெட்டுக்குத் திரெட் உரிமையை வேறாக வைப்பது பாதுகாப்பே அல்ல. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் ஐந்து பேருக்கு ஐந்து ரேஷன் கார்டு கொடுத்துவிட்டு, வீடு மாறினால் ஐவரும் தனித்தனியே தாலுகா அலுவலகம் போய்த் திருத்திக்கொள்ளுங்கள் என்பது போன்றது இது.

அந்த ஐந்து முறை அலைச்சலையும் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் செட்யூஐடியை அழைத்தால், அது புராசஸில் உள்ள ஒவ்வொரு திரெட்டுக்கும் 33-ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. ஒவ்வொரு திரெட்டும் தன் வேலையை நிறுத்திவிட்டு அதே சிஸ்டம் காலைத் தானும் செய்கிறது. எல்லாம் செய்து முடிக்கும்வரை அழைத்த திரெட் காத்து நிற்கிறது. ஒன்றில் வெற்றியும் இன்னொன்றில் தோல்வியும் வந்தால் நிரலையே அபார்ட் செய்துவிடுகிறது. வேறென்ன செய்ய முடியும், பாவம். டெர்மினலில் ‘கில் -எல்’ என்று அடித்துப் பாருங்கள். சிக்னல் பட்டியல் 31-லிருந்து நேராக 34-க்குத் தாவும். கெர்னலில் 32-உம் 33-உம் இருக்கின்றன. நூலகம் அவற்றைத் தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அவற்றில் 33-க்கு உள்ள வேலை இந்த ஒட்டுவேலைதான்.

நூலகம் பார்த்துக்கொள்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். நூலகம் வழியாகப் போகாதவர்கள் என்ன செய்வது? கோ மொழி லினக்ஸில் சிஸ்டம் கால்களை நேராகவே செய்கிறது. அதன் ரன்டைம் தன் விருப்பப்படி திரெட்டுகளை உருவாக்குகிறது. நிரல் எழுதுபவருக்கு எந்த நேரத்தில் எந்தத் திரெட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. இந்த நிலையில் செட்யூஐடி செய்தால் ஏதோ ஒரு திரெட் மாறும், மற்றவை மாறாது. 2014 டிசம்பரில் வந்த கோ 1.4-இல் அந்த வசதியையே லினக்ஸில் முடக்கிவிட்டார்கள். அழைத்தால் பிழைதான் திரும்பும். எல்லாத் திரெட்டுகளிலும் ஒரே சிஸ்டம் காலை நடத்தும் எந்திரத்தை ரன்டைமுக்குள்ளேயே கட்டி, 2021 பிப்ரவரியில் 1.16 பதிப்பில்தான் அதை மீட்டெடுத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல், ரூட்டாகத் தொடங்கிய கோ நிரல் தன் உரிமையைத் தானே துறப்பதற்கு மொழியின் நூலகத்தில் நேர்வழி இல்லாமல் இருந்தது. ‘அழகு’ என்று ஓதுவோர் இந்தக் கணக்கைச் சேர்த்துக்கொள்வதில்லை.

கெர்னல்காரர்களின் பதில் எனக்குத் தெரியும். 2009-இல் 2.6.29 பதிப்பில் டேவிட் ஹவல்ஸ் உரிமைச் சான்றுகளைத் தனி அமைப்பாகப் பிரித்தபோது, ஒரு டாஸ்க் தன் சான்றை மட்டுமே மாற்றலாம், பிறர் சான்றைத் தொடக்கூடாது என்ற விதி எழுதப்பட்டது. அதனால் தன் சான்றைப் படிக்க எந்தப் பூட்டும் வேண்டாம். ஒவ்வொரு கோப்புத் திறப்பிலும் சான்று பார்க்கப்படுவதால் இந்த வேகம் அற்பமல்ல. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி அதே வேகத்தைப் பொறுப்பைக் கைவிடாமலே அடைந்திருக்கிறது. அங்கே சான்று புராக் அமைப்பில் இருக்கிறது. திரெட்டிடம் அதன் சுட்டி ஒன்று உண்டு. திரெட் கெர்னலுக்குள் நுழையும்போது இரண்டும் ஒன்றா என்று பார்த்து, மாறியிருந்தால் புதியதை எடுத்துக்கொள்கிறது. உள்ளே வந்தபின் படிக்கப் பூட்டு வேண்டாம். கெர்னலுக்கு வெளியே இருக்கும் திரெட்டின் சான்றை அந்த நேரத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, எனவே அதை எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. நெடுநேரச் சிஸ்டம் காலுக்குள் சிக்கியிருப்பது மட்டும் பழைய சான்றோடு முடித்துவிட்டு வரும். அவ்வளவுதான் விலை.

இன்னொரு பதில் சம்பா. பல பயனர்களுக்குக் கோப்பு பரிமாறும் அந்தச் சர்வர், நூலகத்தைத் தாண்டி நேராகக் கெர்னலை அழைத்து, திரெட்டுக்கு ஒரு பயனராக மாறிக்கொள்கிறது. பயனுள்ள வசதிதான். அதை வேண்டுபவர் கேட்டுப் பெறட்டும். மேக்கில் இதற்கென்றே தனி அழைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு சிலருக்குத் தேவைப்படும் விதிவிலக்கைப் பொதுவிதியாக்கிவிட்டு, பொதுவிதியைச் சிக்னல் அனுப்பி நிறைவேற்றிக்கொள் என்பது எந்த ஊர் நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸில் புராசஸ் இல்லாமல் இல்லை. கெர்னல் மூலத்தில் ‘சிக்னல் ஸ்ட்ரக்ட்’ என்று ஒரு அமைப்பு உண்டு. ஒரே குழுவின் திரெட்டுகள் எல்லாம் அதைப் பகிர்கின்றன. பெயரைப் பார்த்துச் சிக்னல் விவகாரம் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே வள வரம்புகள் இருக்கின்றன, கட்டுப்பாட்டு டெர்மினல் இருக்கிறது, செத்த திரெட்டுகள் தின்ற சிபியு நேரத்தின் கூட்டுக்கணக்கு இருக்கிறது, நினைவகம் தீர்ந்தால் யாரை முதலில் கொல்வது என்பதற்கான மதிப்பெண் இருக்கிறது. இது புராசஸ் அல்லாமல் வேறென்ன? 1996-இன் கொள்கைக்கு வெளிப்படையாக முரண்பட மனமில்லாமல், தேவை வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இந்தக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். சான்று மட்டும் வெளியே நின்றுவிட்டது. கொடிகளின் சுதந்திரமும் எப்போதோ போய்விட்டது. திரெட் குழுவில் சேரும் கொடியை வைத்தால் சிக்னல் கையாளிகளைப் பகிர்ந்தே ஆக வேண்டும். அதைப் பகிர்ந்தால் நினைவகத்தைப் பகிர்ந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் குளோன் பிழை கொடுக்கும். விரும்பியபடி கலக்கலாம் என்றவர்களே நடைமுறையில் புராசஸ் ஒன்று, திரெட் ஒன்று என்ற இரண்டு கலவைகளுக்கு வந்துவிட்டார்கள்.

எண்களிலும் இதே கதை. கெர்னலின் உள்ளே பிஐடி எனப்படுவது திரெட்டின் எண். நாம் வெளியே பிஐடி என்று அழைப்பது உள்ளே டிஜிஐடி, அதாவது குழுவின் எண். 2.4 காலத்தில் குழு என்ற கருத்து நுழைந்தபோது ஏற்பட்ட ஒட்டு இது. அதற்கு முன் சேவியர் லெராயின் லினக்ஸ்திரெட்ஸ் நூலகத்தில், ஒரே நிரலின் ஒவ்வொரு திரெட்டும் கெட்பிஐடிக்கு வெவ்வேறு விடை சொன்னது.

முன்னுரிமைக்கு வருவோம். எட்டுத் திரெட்டுகளோடு வீடியோ மாற்றிக்கொண்டிருக்கும் நிரல் கணினியைத் திணறடிக்கிறது. ‘ரீனைஸ்’ கட்டளையில் அதன் பிஐடியைக் கொடுத்து 19-க்குத் தள்ளுகிறீர்கள். ஒன்றும் குறையாது. நீங்கள் தள்ளியது முதன்மைத் திரெட்டை மட்டும். அது பெரும்பாலும் மற்றவை முடிக்கட்டும் என்று சும்மா காத்துக்கொண்டிருப்பது. உழைக்கும் ஏழும் பழைய முன்னுரிமையிலேயே ஓடுகின்றன. ‘டாஸ்க்செட்’ கட்டளையும் இப்படித்தான், எல்லாத் திரெட்டுகளையும் குறிப்பிட்ட சிபியுக்களில் கட்டிப்போட ‘-ஏ’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். போசிக்ஸ்படி நைஸ் மதிப்பு புராசஸுக்குரியது. லினக்ஸின் சொந்த உதவிப் பக்கமே இதைப் ‘பிழைகள்’ என்ற தலைப்பின்கீழ் ஒப்புக்கொள்கிறது, பிற்காலத்தில் திருத்தப்படலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. அந்தப் பிற்காலத்துக்காக நான் பல பதிப்புகளாகக் காத்திருக்கிறேன்.

சாவிலும் குழப்பம். முதன்மைத் திரெட் மட்டும் தன்னளவில் முடித்துக்கொண்டு மற்றவை ஓடட்டும் என்று விட்டுவிட்டால், அது ஜாம்பியாக அங்கேயே கிடக்கும். குழுவின் எண் அதன் எண் என்பதால் புதைக்க முடியாது. ‘பிஎஸ்’ பட்டியலில் நிரல் செத்துவிட்டதாகத் தெரியும். உள்ளே வேலை மும்முரமாக நடக்கும். புராக் கோப்புறையில் அந்த எண்ணுக்குக் கீழே போய், ஓடுவது எந்தக் கோப்பு என்று பார்க்கலாமென்றால் அந்த இணைப்பும் படிக்கக் கிடைக்காது. புராசஸுக்கென்று தனி உருவம் இருந்திருந்தால், திரெட்டுகளில் ஒன்றைப் பிடித்து அதன் தலையில் குடும்பத் தலைமையைக் கட்ட வேண்டியிருந்திருக்காது. முதன்மையல்லாத திரெட் ஒன்று எக்ஸெக் செய்தாலோ இன்னும் விசித்திரம். மற்ற எல்லாத் திரெட்டுகளையும் கொன்றுவிட்டு, செத்த தலைவரின் எண்ணைத் தன் எண்ணாக அணிந்துகொண்டு புதிய நிரலாக வெளியே வருகிறது.

2019-இல் பிட்எஃப்டி வந்தது. புராசஸைக் கோப்புபோலப் பிடித்துக்கொள்ளும் நல்ல வசதி அது. முதலில் குழுத் தலைவருக்கு மட்டும் வேலை செய்தது. 2024-இல் 6.9 பதிப்பில் தனித் திரெட்டையும் பிடிக்க ஒரு கொடி சேர்த்தார்கள். கேட்பது புராசஸா, திரெட்டா? கெர்னலுக்கு இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட அந்தக் கேள்வியை அதன் புத்தம்புதிய இடைமுகம் நம்மிடம் கேட்கிறது.

சான்று விஷயத்தில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பேச்சையும் நான் ஏற்பதற்கில்லை. நிரல் செய்யக்கூடிய சிஸ்டம் கால்களைக் கட்டுப்படுத்தும் செக்காம்ப் வடிகட்டிக்கு இதே சிக்கல் வந்தபோது, 2014-இல் 3.17 பதிப்பில், குழுவிலுள்ள எல்லாத் திரெட்டுகள்மேலும் ஒரே அழைப்பில் வடிகட்டியை ஏற்றக் கெர்னலே ஒரு கொடி கொடுத்தது. ஏதேனும் ஒரு திரெட் ஒத்துவராவிட்டால் யார்மேலும் ஏற்றாமல் அந்தத் திரெட்டின் எண்ணைத் திருப்பித் தருகிறது. பாதி மாறி, பாதி மாறாமல் நிற்கும் நிலையே இல்லை. செட்யூஐடிக்கும் இதுபோல ஒரு கொடியைக் கொடுத்தால் 33-ஆம் சிக்னலை விடுவித்துவிடலாம்.