சாவி யாரிடம்?

எதிர் ஃபிளாட் மாமா ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். போன வருஷம் லேப்டாப் வாங்கினார். பேத்தியின் காலேஜ் புராஜெக்டுக்கும், தன் தபால் இலாகா அனுபவங்களை டைப் செய்து வைப்பதற்கும். கடைப் பையனே எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தான். 'பின் நம்பர் சார்ஜர் டப்பாவுல எழுதியிருக்கேன் சார்.'

இந்த மாதம் மதர்போர்டு மாற்ற வேண்டி வந்தது. ரிப்பேராகித் திரும்பிய லேப்டாப், நீலத் திரை காட்டி 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. அந்த எண் எங்கே இருக்கும்? முதல் நாள் எந்த இமெயில் கொடுத்தோமோ, அந்தக் கணக்கில். கொடுக்கப்பட்டது கடைப் பையனின் இமெயில். பையன் வேலையை விட்டுப் போயாச்சு. கடையில் கேட்டால் கை விரிக்கிறார்கள்.

'நாப்பத்தஞ்சாயிரம் கொடுத்தது நான். பில் என் பேர்ல. சாவி எவன்கிட்டயோ. இது என்னய்யா கணக்கு?' என்றார் மாமா.

தப்பு பையனுடையதுதான். ஆனால், அந்தத் தப்புக்குப் பாய் விரித்தது யார்?

விண்டோஸ் எக்ஸ்பி காலம் ஞாபகமிருக்கிறதா? ஒரு பேர், இஷ்டமிருந்தால் ஒரு பாஸ்வேர்ட். ரெண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதுதான் லோக்கல் அக்கவுன்ட். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, 'ஆன்லைன் கணக்கு போட்டும் நுழையலாம்' என்றார்கள். வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. ஹோம் எடிஷனை முதன்முதலாக செட் பண்ண இன்டர்நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம். 2022-ல் சொந்த உபயோகத்துக்கான ப்ரோவுக்கும் அதே விதி. 'லாம்' என்று ஆரம்பித்தது 'வேண்டும்' ஆகிவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்துத் தப்பித்தார்கள். 2025-ல் சோதனைப் பதிப்புகளில் அந்தச் சந்துகளையும் ஒவ்வொன்றாக அடைக்க ஆரம்பித்தார்கள். காரணம்? பாதுகாப்பாம். அதே வருஷம் அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் நின்றது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆன்லைன் கணக்கில் லாபம் உண்டு. பாஸ்வேர்ட் மறந்தால் மீட்கலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதால், லேப்டாப்பைத் திருடியவன் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. லோக்கல் அக்கவுன்ட்டில் பாஸ்வேர்டையும் மறந்து, பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்களையும் மறந்தால் தலையில் கைதான்.

என் சண்டை பூட்டோடு இல்லை. கட்டாயத்தோடு. கடையில் கூட்டம். மாமாவுக்கு இமெயில் ஞாபகமில்லை, ஓ.டி.பி. வரும் போன் வீட்டில். பையன் என்ன செய்வான்? தன் இமெயிலைத் தட்டிவிடுவான். 'இப்போதைக்கு வேண்டாம்' என்று ஒரு பட்டன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பாதுகாப்புக்காகப் போட்ட விதி, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொன்று. ஆன்லைன் கணக்கோடு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவில் நகலெடுக்கும் ஏற்பாடும் வருகிறது. மாமா எழுதிய நூறு பக்கம் இப்போதும் அந்தப் பையனின் கணக்கில் பத்திரமாக இருக்கலாம். அவனுக்கே தெரியாமல்! பேரைக்கூட விடுவதில்லை. இமெயிலின் முதல் ஐந்து இங்கிலீஷ் எழுத்தைத்தான் ஃபோல்டருக்கு வைக்கிறது. வெங்கடசுப்பிரமணியம் வெறும் 'வெங்க' ஆகிவிடுவார்.

பி.காமில் எங்களுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் பாடம். பொருளை வாங்கியவர் அதை இடைஞ்சலில்லாமல் அனுபவிக்கலாம் என்பது, விற்றவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் தந்த உறுதி. 'சாஃப்ட்வேர் விற்பனை இல்லை, லைசென்ஸ்' என்று வக்கீல்கள் சிரிப்பார்கள். சரி, லேப்டாப்பையாவது விற்றார்களா இல்லையா?

புது லேப்டாப் வாங்குகிறவர்கள் கடையிலேயே கேளுங்கள்: 'யார் இமெயில் போட்டே தம்பி?' உங்களுடையதாக இருக்கட்டும். மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் இஷ்டப்பட்டால் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் லோக்கலுக்கு மாறிக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழைந்தபிறகு அந்த வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். வாசற்படியில்தான் மறிக்கிறார்கள்.

மாமாவின் லேப்டாப்பை அழித்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். நூறு பக்கமும் போச்சு. ஊர்ப் பணத்துக்கெல்லாம் காவல் இருந்த மனுஷர், தன் எழுத்தைக் காப்பாற்ற முடியவில்லையே என்று ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி முதல் பக்கம் டைப் பண்ண உட்கார்ந்தார். புது மீட்பு எண்ணை ஒரு பழைய மணியார்டர் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

பீரோ சாவி? அது மாமியிடம்.