கிடைநிலைச் சமத்துவமின்மையும் மலையகத் தமிழரும்

தனிமனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைவிட இன, மதக் குழுக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வே வன்முறை மோதலுக்கு வழிவகுக்கிறது என்பது பிரான்சிஸ் ஸ்டூவர்ட் முன்வைத்த 'கிடைநிலைச் சமத்துவமின்மை' என்னும் கோட்பாடு. பொருளாதார இழப்பும் அரசியல் புறக்கணிப்பும் ஒரே குழுவின்மீது கவியும்போது மோதலுக்கான வாய்ப்பு மிகும் என்கிறார் அவர். இதற்கு இலங்கை அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தாலும் 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலாலும் வடக்கு, கிழக்குத் தமிழ் இளைஞர் அடைந்த இழப்பு இக்கோட்பாட்டிற்குப் பொருந்தவே செய்கிறது.

மலையகத் தமிழரின் நிலையோ பொருந்தவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1949இல் வாக்குரிமையும் இழந்து, லயன் அறைகளில் வாழ்ந்த இவர்கள் இருவகை இழப்புக்கும் ஒருங்கே ஆளானவர்கள். ஆயினும் இவர்களிடையே ஆயுத இயக்கம் உருப்பெறவில்லை. தலைமை ஆட்சியில் இணைக்கப்பட்டமையே காரணம் எனக் கோட்பாட்டாளர் விடையிறுக்கக்கூடும். சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானது 1978இல்தான்; இடையில் கிடைத்த நியமன உறுப்பினர் பதவியை ஆட்சிப்பங்கு எனல் மிகை. முந்தைய 30 ஆண்டுகளுக்கு அவ்விடை உதவாது.

தொழிலும் குடியிருப்பும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. வேலை போனால் கூரையும் போகும். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப்பின் இந்தியாவுக்கு அனுப்பப்படும் அச்சம் வேறு. கிளர்ந்தெழுவதற்கும் கல்வியும் காலூன்ற நிலமும் வேண்டும். யாழ்ப்பாணத்து இளைஞரிடம் அவை இருந்தன. ஏற்றத்தாழ்வு முற்றும்போது எதிர்க்கும் வலிமையையே அது பறித்துவிடும் என்பதற்கு இக்கோட்பாடு போதிய இடம் தரவில்லை. கிளர்ச்சியை மட்டும் மோதலாக எண்ணும் ஆய்வில், 1977ஆம் ஆண்டு வன்செயலில் தாக்கப்பட்டு வன்னிக்கு இடம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளரும் அமைதியான குழுவினராகவே பதிவாகின்றனர்.