நந்தனார் யாரிடம் பாடினார்?

மேலைநாட்டு இசைநாடகமாகிய ஆப்பராவில், ஒரு பாத்திரம் தன் உள்ளத்தைத் தனித்துப் பாடும் பகுதியை 'ஆரியா' என்பர். நாடகத்தினின்று பிரித்துக் கேட்பினும் அஃது இனிக்கும். ஆயின், காட்சியை அறிந்தார்க்கே அதன் முழுப்பொருள் விளங்கும்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளும் இத்தகையனவே. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். இசைத்தட்டும் வானொலியும் அப்பாடல்களைத் தனித்தனியே பரப்பின. கேட்போர் இராகத்தைச் சுவைத்தனர்; பக்தியைப் போற்றினர். தில்லைக்குச் சென்றுவரப் பண்ணையாள் ஒருவன் தன் ஆண்டையிடம் விடை வேண்டி நிற்கும் காட்சியோ மறைந்துபோயிற்று. பெரியபுராணத்தில் இவ்வாண்டை இல்லை; பாரதியாரே படைத்துச் சேர்த்தார். ஆதலின் நாடகத்தின் உயிர்நிலை அவ்விடத்திலேயே உள்ளது எனத் துணியலாம்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, ஒருநாள் விடுப்புக்குக் கைகட்டிக் கேட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நகர்ப்புறங்களில் வளரும் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ விளக்கியாக வேண்டும். பாடலை ஒலிக்கச் செய்யுமுன், 'யார், யாரிடம், எதற்காகப் பாடுகிறார்?' என ஆசிரியர் வினவுவாராக. அதன்பின் கேட்கும் மாணவன் நந்தனாரின் குரலில் தன் பாட்டனாரின் குரலையும் கேட்பான்.