கோரக்கர் பெயரில் ஒரு எண்ணெய்ப் புட்டி

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிப் பக்கம் கோரக்கர் குகை இருக்கிறது. கஞ்சாச் செடிக்குச் சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்று பெயர். இந்த இரண்டு தகவலையும் ஒட்டவைத்து, சித்தர்கள் அன்றே கண்டுபிடித்த ஸ்ட்ரெஸ் மருந்து என்கிற தொனியில் சிபிடி எண்ணெயை விற்கும் எழுத்து தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டது. என்னைப் போன்ற ஐடி ஆட்கள்தான் அதன் வாசகர்கள். அதனால் அதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம்.

முதல் சிக்கல், மூலிகையும் மூலக்கூறும் ஒன்றில்லை. சிபிடி என்கிற கன்னாபிடியால், அந்தச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களில் ஒன்று. 1940இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். போதை தருவது டிஎச்சி என்னும் வேறொரு சேர்மம். அது ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசோலை ஏற்றிவிடவும் செய்யும். சித்த வைத்தியர் செடியைச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்துத்தான் மருந்தாக்குவார். புட்டிக்காரருக்கு வேண்டியது அந்த முறை இல்லை, பெயர் மட்டும்தான்.

இரண்டாவது, அளவு. 2019இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில், மேடைப்பேச்சுச் சோதனைக்கு முன் ஆரோக்கியமான ஆண்களுக்கு 150, 300, 600 மில்லிகிராம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பதற்றம் குறைந்தது 300க்கு மட்டும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் நிம்மதி என்கிற கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. அதுவும் ஒரே ஒரு வேளை மருந்து; தினசரிப் பழக்கம் இல்லை.

தினசரிக்கு வருவோம். 2020இல் வெளியான லண்டன் ஆய்வில், மனச்சிதைவு அபாயம் உள்ளவர்களுக்கு ஒரு வாரம் தினமும் 600 மில்லிகிராம் கொடுத்துவிட்டு, அழுத்தம் தரும் சோதனை வைத்தார்கள். கார்டிசோல் நன்றாக ஏறியது யாருக்கு? ஆரோக்கியமானவர்களுக்கு. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ரொம்பக் குறைவாக ஏறியது. சிபிடி எடுத்தவர்கள் நடுவில் இருந்தார்கள். ஆக, பதறவேண்டிய நேரத்தில் பதறுவதுதான் நலமான உடம்பின் வேலை. விளம்பரம் நோயாகக் காட்டுவது இதைத்தான்.

சிபிடி பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. 2018இல் அமெரிக்கா அதைச் சில அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஏற்றது. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்கவேண்டிய மருந்து.

சர்வர் அலாரம் அடித்தால் அதை மியூட் செய்வதை நாங்கள் யாரும் ரிப்பேர் என்று சொல்வதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மீட்டிங் வைப்பது யார் என்று அந்த எழுத்து ஒரு வரிகூடக் கேட்பதில்லை. கேட்டால் புட்டி விற்காது.